ஏழாவது கையெழுத்து

நான் யாரையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு எதிரில் வருகிறவன் எல்லாம் இடைஞ்சலாகத்தான் தெரிவான். எருமப்பட்டிக்குக் கிழக்கே ஒரு கோழிப்பண்ணையில் பதினான்கு வருடமாகத் தீவன டிராக்டர் ஓட்டுகிறேன். பெயர் சின்னராஜ். இந்தப் பதினான்கு வருடத்தில் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன், டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன், முட்டை விலையைத் தாங்கள்தான் தீர்மானிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பெரிய மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். வாயைப் பிளந்துகொண்டு நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவர் மூன்றாம் ஷெட்டு பொன்னாத்தாள் அக்கா.

பார்க்க ஒன்றும் இருக்காது. நாற்பத்தெட்டு வயது, ஒல்லியான உடம்பு, என் தோள் உயரம். சேலைக்கு மேலே கணவரின் பழைய நீலச் சட்டை, தலையில் துண்டு. பண்ணை ஆண்களுக்கு மட்டும் வருடத்துக்கு இரண்டு நீலச் சட்டை கொடுக்கும். அது வெளுத்து, கழுத்துப்பட்டை நைந்து போனதும் பெண்களுக்கு வரும். அப்படி வந்த சட்டை அது.

முட்டைக்கோழியைப் போலப் பயந்தாங்கொள்ளி உலகத்தில் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால்தான் அக்காவின் பெருமை புரியும். புதிதாக ஒரு முகம், புதிதாக ஒரு நிறம், மேலே பறந்த பருந்தின் நிழல், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரு கோழி எழும்பினால் பக்கத்துக் கூண்டு எழும்பும், அப்புறம் ஷெட்டே எழும்பும். ஆறாயிரம் கோழி ஒரே நேரத்தில் இறக்கையைக் கம்பியில் அடிக்கிற சத்தத்தைக் கேட்டால் மனிதனே காதைப் பொத்திக்கொள்வான். அன்றைக்கு முட்டை குறையும். விழுகிறதிலும் பாதி ஓடில்லாத தோல்முட்டையாக விழும்.

அதனால் பண்ணையில் ஒரு பழக்கம் உண்டு. ஷெட்டுக்குள் போகும் முன் தகரக் கதவைத் தட்ட வேண்டும். எல்லோரும்தான் தட்டுவோம், ஆனால் அக்கா தட்டுவது வேறு. தீவனம் அள்ளும் டப்பாவால் மூன்று தட்டு. அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், விட்டு விட்டு மூன்று. பிறகு, “வாரேன் சாமி, வாரேன்” என்று ஒரு குரல். ஆறாயிரம் கழுத்துகளும் கதவுப் பக்கம் திரும்பும். ஒரு இறக்கை கூட அசையாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது டிராக்டரை அணைக்க மறந்து நின்றேன். டீசல் போனதற்கு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஒரே கோழிகள் என்றும் நினைக்கக் கூடாது. ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை பழைய கோழிகளை ஏற்றிவிட்டுப் புது பேட்ச் இறக்குவார்கள். அக்கா இந்த ஷெட்டுக்கு வந்த பதினோரு வருடத்தில் ஏழு பேட்ச். ஒவ்வொரு முறையும் அக்கா முதலிலிருந்து தொடங்குவார். முதல் ஒரு வாரம் ஷெட்டுக்குள் சும்மா நடப்பார், பேசுவார், கூண்டு கூண்டாக நிற்பார். எட்டாம் நாள் அந்த ஆறாயிரமும் அவருடையவை ஆகிவிடும். எந்த வரிசையில் எந்தக் கூண்டில் தண்ணீர் சொட்டவில்லை என்பதைக் கோழி கத்துகிற தினுசிலேயே சொல்லிவிடுவார். இதெல்லாம் மனிதர் செய்கிற காரியமா என்று எனக்கு இன்றைக்கும் மலைப்புதான்.

ஆனால் பண்ணையின் வருகைப் பதிவேட்டில் பொன்னாத்தாள் என்று ஒரு பெயரே கிடையாது.

எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். குடியிருக்க ஒரு அறை கொடுப்பார்கள். கணவன், மனைவி இரண்டு பேரும் உழைக்க வேண்டும். பதிவேட்டில் ஆண் பெயர் இருக்கும், சம்பளமும் அவர் கையில்தான் வரும். அக்காவின் கணவர் நாச்சிமுத்து அண்ணன் தீவன மில்லில் மக்காச்சோளம் அரைப்பவர். பதிவேட்டின்படி மூன்றாம் ஷெட்டையும் அவரேதான் பார்க்கிறார். அக்காவை எல்லோரும் ‘நாச்சிமுத்து சம்சாரம்’ என்போம். ஆபீஸ் அறைக்குள் பெண்கள் யாரும் கால் வைத்ததில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமானால் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இப்படிப் பதினான்கு பெண்கள். நானும் இதில் தப்பு இருப்பதாக ஒருநாள் கூட நினைத்ததில்லை. என் மனைவியும் அந்தப் பதினான்கில் ஒருத்தி என்பதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

எல்லாம் தொடங்கியது ஐந்தாம் ஷெட்டு சின்னாயியால். அவள் கணவர் போன வருடத்துக்கு முந்தின ஆடியில் மாரடைப்பால் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் மேனேஜர் மாதேஸ்வரன் வந்து ஆறுதல் சொன்னார். மனசாரத்தான் சொன்னார், பொய் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டு, பத்து நாளில் அறையைக் காலி செய்யச் சொன்னார். தொழிலாளி இறந்துவிட்டார், அறை அடுத்த ஜோடிக்கு வேண்டும் என்பது கணக்கு. பதினைந்து வருடம் ஐந்தாம் ஷெட்டில் கோழி பார்த்தவள் அவள்தான். அப்படியானால் யார் இறந்தது, யார் வேலை செய்தது என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. நானே என் டிராக்டரில் அவள் சாமான்களை ஏற்றிப் போய் எருமப்பட்டியில் அவள் தம்பி வீட்டில் இறக்கினேன்.

திரும்பி வந்தபோது அக்கா ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “சின்னராசு, இதெல்லாம் யார்கிட்டப் போயி கேக்கறதுன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியும் என்று சொன்னதுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம். என் பெரியப்பா மகன் காளியண்ணன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அங்கே சங்கம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகும் யாருக்காவது மனு எழுதிக்கொண்டிருப்பார். கோழிக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது, முட்டை தினமும் விழும். ஒரு நாள் இரண்டாம் தடவை முட்டை பொறுக்கி முடித்ததும் அக்கா பஸ் ஏறினார். வழி காட்ட நானும் போனேன்.

காளியண்ணன் அண்ணன் நிறையப் பேசுவார். சங்கம் என்பது சண்டைக்குக் கூட்டம் சேர்ப்பது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் சட்டத்திலிருந்து ஆரம்பித்தார். குறைந்தது ஏழு தொழிலாளிகள் சேர்ந்து ஒரு பெயர் வைத்து, விதிமுறை எழுதி, பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தால் தொழிலாளர் துறை அதைப் பதிவு செய்ய வேண்டும். பதினைந்து வயது ஆன யாரும் உறுப்பினர் ஆகலாம். முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் அதுதான் சட்டப்படி குற்றம். எனக்கு இதெல்லாம் வேறு ஏதோ தேசத்துச் செய்தி போல இருந்தது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“நோட்டுல பேரு இல்லாதவங்களும் சேரலாமுங்களா?”

காளியண்ணன் அண்ணன் பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தி நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னார், “வேலை செய்யறவங்கதான் தொழிலாளி, அம்மிணி. நோட்டு எழுதறது மொதலாளி. அவரு எழுத மறந்தா நீங்க தொழிலாளி இல்லைன்னு ஆயிருமா?”

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது, காளியண்ணன் அண்ணன் சொன்னது எழுத்தில் இருக்கிறதா, வாயால் சொன்னதா என்று கேட்டார். எழுத்தில்தான் இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மூன்று வாரம் அவர் செய்ததுதான் பெரிய வேலை. யாரையும் கூட்டி வைத்துப் பேசவில்லை. முட்டை அட்டை வாங்கப் போகிற இடத்தில் ஒரு வார்த்தை, தண்ணீர்த் தொட்டியடியில் ஒரு வார்த்தை. அவசரப்படுத்தமாட்டார், யார் வீட்டுக்கும் தேடிப் போய் நிற்கமாட்டார். புது பேட்ச் கோழியைப் பழக்குகிற அதே முறை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பதினோரு ஆண்கள் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்கள். என்னையும் சேர்த்து.

கையெழுத்துப் போடுகிற நாள் பண்ணைக்கு வெளியே புளியமரத்தடியில் கூடுவதாக ஏற்பாடு. எங்கள் வீரம் எல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவனுக்கு மாமியார் ஊரில் கிடாவெட்டு, இரண்டு பேர் போனை அணைத்துவிட்டார்கள், ஒருவன் எதிரே வந்து என்னைத் தெரியாதவன் போலக் கடந்துபோனான். எனக்கும் பாதி வழியில் டிராக்டர் சாவியை மறந்துவிட்ட ஞாபகம் வந்தது. திரும்பியிருப்பேன். முன்னால் அக்கா நீலச் சட்டையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு திரும்ப வெட்கமாக இருந்தது. மரத்தடியில் எண்ணிப் பார்த்தால் ஆண்கள் ஆறு பேர். நாச்சிமுத்து அண்ணன் அதில் இல்லை.

அக்காவோடு ஏழு.

காளியண்ணன் அண்ணன் ஒவ்வொருவர் விவரமாகக் கேட்டு எழுதினார். பெயர், வயது, முகவரி, தொழில். அக்காவின் முறை வந்தது. தொழில் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அக்கா பழக்கத்தில், “நாச்சிமுத்து சம்சாரம்னு போட்டுக்குங்க” என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. காளியண்ணன் அண்ணன், அது தொழில் இல்லை அம்மிணி, நீங்க காலையில எந்திரிச்சா என்ன செய்யறீங்க என்றார். அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். தீவனம் போடுவது, கிளறி விடுவது, தண்ணீர் பார்ப்பது, முட்டை பொறுக்குவது, செத்ததை எடுப்பது, நோய் வந்ததைப் பிரித்து வைப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கே வியப்பாக இருந்ததை முகத்தில் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஏழாவதாக, கோணல் இல்லாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் பண்ணையில் சூடு ஏறியது. முதலாளி அர்த்தநாரி ஐயா கெட்டவர் இல்லை. இருநூறு கோழியில் தொடங்கி எழுபதாயிரத்துக்கு வந்த மனிதர். ஆனால் தன் பண்ணையில் தன்னைக் கேட்காமல் ஒன்று நடந்தது அவருக்குத் தாங்கவில்லை. வக்கீலை வைத்து ஒரு கடிதம் அனுப்பினார். ஏழு பேர் என்று சொல்லியிருக்கிறார்கள், அதில் ஏழாவது ஆள் தொழிலாளியே இல்லை, தொழிலாளியின் மனைவி, குடியிருப்பில் சமையல் செய்துகொண்டு இருப்பவர், ஆகவே ஆறு பேர்தான், ஆகவே விண்ணப்பம் செல்லாது. கடிதத்தின் நகலைப் படித்துக் காட்டியபோது எனக்குக் காது எரிந்தது. தந்திரமான கடிதம். ஒரே ஒரு பெயரைத் தட்டிவிட்டால் எல்லாமே சரிந்துவிடும்.

அத்தோடு மேனேஜர் நாச்சிமுத்து அண்ணனைப் பிடித்தார். பெண்டாட்டி கையெழுத்தைத் திரும்பப் பெறச் சொல், இல்லையானால் அறையைக் காலி செய்ய வேண்டி வரும் என்று நயமாகச் சொன்னார். எங்கள் அறையும் அவர்கள் அறையும் ஒரே சுவர். அன்று மாலை அண்ணன் கெஞ்சியது கேட்டது. பெண்ணுக்கு அடுத்த வருடம் கல்யாணம் வைத்திருந்தார்கள். இந்த வயதில் வேறு பண்ணை தேடி அலைய முடியாது என்றார், மானம் போகும் என்றார், கடைசியில் அழுதேவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை.

“நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைய யாருன்னு சொல்லுவாங்க? சின்னாயிய யாருன்னு சொன்னாங்க?” என்றார். “நான் யாருன்னு ஒரு தடவை எழுதிட்டு வந்துட்டேன். அதைப் போயி அழிக்கச் சொல்றியா?”

சுவருக்கு இந்தப் பக்கம் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நேரில் விசாரிக்க நாமக்கல்லிலிருந்து அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கயல்விழி என்று ஒரு தொழிலாளர் உதவி ஆய்வாளர், முப்பது வயது இருக்கும். பண்ணை பரபரத்தது. மேனேஜர் ஒரு திட்டம் போட்டார். அக்கா அன்று முழுவதும் அறையிலேயே இருக்க வேண்டும். நாச்சிமுத்து அண்ணன் மூன்றாம் ஷெட்டில் தீவனம் போட வேண்டும், அதிகாரி அதைப் பார்க்க வேண்டும். அதிகாரி கூப்பிட்டால் வந்து சொல்லிக்கொள்கிறேன் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார். அத்தோடு பண்ணையில் தொழிலாளர்களுக்கு எவ்வளவு வசதி என்று காட்டுவதற்காக நாமக்கல் போய் புதிதாகக் கோட்டு வாங்கி வந்தார். ரோட்டு வேலைக்காரர்கள் போடுகிற, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறக் கோட்டு. அதிகாரி கண்ணில் படவேண்டும் என்பதுதான் அவர் நினைப்பில் இருந்தது. உள்ளே இருக்கிற ஆறாயிரம் ஜோடிக் கண்கள் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அதிகாரி வந்தார். மருந்துத் தண்ணீரில் கால் நனைத்து, மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, எங்கள் எல்லோரையும் பார்த்தார். முதலாளி, மேனேஜர், காளியண்ணன் அண்ணன், நாங்கள் ஆறு பேர் என்று ஷெட்டு வாசலில் கும்பலாக நின்றோம். இந்த ஷெட்டை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டார். மேனேஜர் நாச்சிமுத்து அண்ணனை முன்னால் தள்ளினார். அண்ணன் ஆரஞ்சுக் கோட்டில், தீவன டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போனார்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்வது. முதல் வரிசை எழும்பியது, பிறகு ஷெட்டு முழுவதும். தகரக் கூரை அதிர்ந்தது. இறகும் தூசியும் கிளம்பி அண்ணன் கண்ணுக்கே தெரியவில்லை. அதிகாரி இரண்டடி பின்னால் போய்விட்டார். எங்கோ ஒரு அட்டை முட்டை கீழே விழுந்து உடைந்தது. அண்ணன் டப்பாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தார்.

அர்த்தநாரி ஐயா தலையில் அடித்துக்கொண்டார். “மாதேசு, நீ கோழிக்காரன்தானா? இந்தக் கலரையாடா உள்ள அனுப்புவாங்க?” என்றார். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் ஆள் கெட்டிக்காரர். உடனே சமாளித்தார். கோழி மிரண்டது கோட்டின் நிறத்தால்தான் மேடம், வேறு ஒன்றும் இல்லை, தினமும் இவர்தான் பார்க்கிறார் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

அதிகாரி கையிலிருந்த விண்ணப்பத்தைப் புரட்டினார். ஏழாவதாகக் கையெழுத்துப் போட்ட அம்மா எங்கே, நான் பார்க்க வேண்டும் என்றார். அக்காவைக் கூப்பிட ஆள் போனது. கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஷெட்டுச் சத்தத்தைக் கேட்டதும் முகம் மாறியது. அதிகாரியைப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்க்கவில்லை. “என்னடா பண்ணுனீங்க அதுங்கள?” என்றார் பொதுவாக. அவருக்கு அந்த நேரத்தில் விசாரணையெல்லாம் இரண்டாம் பட்சம்.

கோட்டு நிறம்தான் காரணம் என்கிறார்கள் என்று அதிகாரி சொன்னார். அக்கா நாச்சிமுத்து அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அதைக் கழட்டிக் குடு” என்றார். அண்ணன் கழற்றிக் கொடுத்தார். அக்கா நீலச் சட்டைக்கு மேலேயே அந்த ஆரஞ்சுக் கோட்டை மாட்டிக்கொண்டார். முழங்கால் வரை தொங்கியது. காளியண்ணன் அண்ணன் வேண்டாம் என்று கை காட்டினார், அக்கா கவனிக்கவில்லை. கீழே கிடந்த டப்பாவை எடுத்தார். உள்ளே இன்னும் இறக்கைகள் அடித்துக்கொண்டிருந்தன. கதவைச் சாத்தினார்.

மூன்று தட்டு. விட்டு விட்டு, மூன்று.

“வாரேன் சாமி, வாரேன்.”

மழை நிற்கும்போது கூரையில் சத்தம் ஒவ்வொன்றாகக் குறையுமே, அப்படிக் குறைந்தது. அக்கா கதவைத் திறந்து அதே நடையில் உள்ளே போனார், பேசிக்கொண்டே போனார். முதல் வரிசைக் கோழிகள் ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்துக் கழுத்தை நீட்டின. ஒன்றிரண்டு பின்வாங்கின. அவர் குரல் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தது. பத்தாவது கூண்டுக்குப் போனபோது முதல் கூண்டு தீவனத்தில் தலையை நுழைத்திருந்தது. கடைசி வரை போய்த் திரும்பினார். ஆறாயிரம் கோழிகளும் கொத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. பதினான்கு வருடமாகத் தினமும் இந்த வாசலில் தீவனம் இறக்குகிறேன், அன்றைக்குத்தான் ஏதோ கோயிலுக்கு வெளியே நிற்பது போல இருந்தது.

அர்த்தநாரி ஐயா வாசலில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார். தான் என்ன கடிதம் எழுதினோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். “இப்பிடி நிக்கோணும் கோழி. பொன்னாத்தா கையில மட்டுந்தான் இப்பிடி நிக்கும்” என்றார். சொன்ன பிறகுதான் அதிகாரி பக்கத்தில் இருப்பது உறைத்தது. வாயை மூடிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். பிறகு சொன்னார், கோழி அடங்கியதை வைத்து நான் அறிக்கை எழுத முடியாது, மனிதர்கள் சொல்ல வேண்டும். அக்காவிடம் கேட்டார், ஒரு நாள் நீங்கள் வேலைக்கு வரவில்லை என்றால் என்ன ஆகும்? அக்கா யோசிக்காமல் சொன்னார், “மேனேஜரு ஊட்டுக்கே வந்து கூப்புடுவாருங்க. காச்ச வந்தப்பகூட வந்தாருங்க.” அதிகாரி மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது உண்டா என்று கேட்டார். மேனேஜர் தரையைப் பார்த்தார்.

பிறகு அதிகாரி நாச்சிமுத்து அண்ணன் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம். அண்ணன் தலைமுடியெல்லாம் கோழி இறகு. முதலாளியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், கடைசியில் அந்தத் தொளதொளக் கோட்டுக்குள் நின்றிருந்த தன் மனைவியைப் பார்த்தார்.

“பதினோரு வருசமா அவதானுங்க பாக்கறா. நான் மில்லுலதானுங்க இருக்கறேன்” என்றார். “இந்த ஷெட்டுல தண்ணிக் கொழாய எங்க தொறக்கறதுன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. தட்டீட்டுப் போகோணும்னுகூட இன்னைக்குத் தோணுலீங்க.”

அதிகாரி எழுதிக்கொண்டார். அண்ணனும் அதில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மாதத்தில் பதிவுச் சான்றிதழ் வந்தது. ஏழு பேரின் விண்ணப்பம் செல்லும் என்று முடிவாகியிருந்தது. அதற்குள் புளியமரத்தடிக்கு வராதவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல்காரன் முதலில் வந்தான். நாச்சிமுத்து அண்ணனின் படிவத்தைச் சங்கத்தின் துணைச் செயலாளரான அக்காதான் எழுதினார். தொழில் என்ற இடத்தில் என்ன எழுத என்று கணவரைப் பார்த்துக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம், அண்ணனும்தான். என் மனைவி என் கண் முன்னாலேயே வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஏற்கனவே போட்டவன், இருந்தும் அவள் போடுவதைப் பார்க்கப் போயிருந்தேன்.

சங்கம் வைத்த முதல் கோரிக்கை, வேலை செய்கிற எல்லோர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரையும் எழுதுங்கள் என்று அதிகாரியும் தனியாக உத்தரவு போட்டிருந்தார். அர்த்தநாரி ஐயா முறுக்கிக்கொண்டுதான் இருந்தார். நான்கு முறை பேச்சுவார்த்தை நடந்தது. இரண்டாவது முறை எழுந்து போய்விட்டார். நான்காவது முறை ஒத்துக்கொண்டார். சின்னாயியும் ஐந்தாம் ஷெட்டுக்குத் திரும்பினாள். சாமான்களை ஏற்றி வந்தது என் டிராக்டர்தான், இந்த முறை ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

பெண்கள் முதன்முதலாக வருகைக் கையெழுத்துப் போடுகிற காலை. பதிவேடு ஆபீஸ் அறைக்குள் மேனேஜர் மேசை மேல் இருந்தது. பதினான்கு பேரும் பழைய வழக்கப்படி வாசலில் நின்றார்கள். யாருக்கும் படி ஏறக் கால் வரவில்லை. ஒருத்தி மற்றவளைத் தள்ளுகிறாள், மற்றவள் இன்னொருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறாள். மாதேஸ்வரன் உள்ளே நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, வாசலைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. நான் டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினேன்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் பெயருக்கே கொடுத்த புது நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. கையில் தீவன டப்பா. கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தாலும் நின்றார். டப்பாவைத் திருப்பிக் கதவு நிலையில் தட்டினார். மூன்று தட்டு, விட்டு விட்டு. பிறகு படி ஏறி உள்ளே போனார். பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்தவளுக்குப் பேனாவை நீட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன், கதவுதான் திறந்து கிடக்கிறதே, எதற்கு அக்கா தட்டினாய் என்று.

“புதுசா ஒருத்தரு உள்ள போனா மெரளுமல்லோ, சாமி” என்றார். சொல்லிவிட்டு மூன்றாம் ஷெட்டைப் பார்த்து நடந்தார்.